நாலாவது அடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று உன் நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டியைப் பார்க்க நம் வீட்டு டிவி முன்னால் இருந்தவர்கள் நாலே பேர்: ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்த உன் அப்பா, உன் மாமா, கீழ்வீட்டுத் தையல்காரி, நான். “பாருங்க, எங்க வெட்டுக்கிளி இன்னிக்கு மணலையும் தாண்டி காம்பவுண்டுக்கு வெளியே போய் விழப்போறா” என்று மாமா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் பிரார்த்தனையில் இருந்தேன்.

முதல் தாண்டலில் விரலளவு கால் பலகையைத் தாண்டிவிட்டது. தவறு என்று சிவப்புக் கொடி. இரண்டாவதில் பலகைக்கு முன்னால் தத்தித் தத்தி அடி வைத்தாய். மறுபடியும் சிவப்பு. மூன்றாவதில் ஓடும்போதே குனிந்து உன் காலைப் பார்த்தாய். பத்து வருஷத்தில் நீ ஒருநாளும் குனிந்து ஓடியதில்லை. அதற்கும் சிவப்புதான். மூன்றும் தவறு, நீ வெளியே.

அப்பா டிவியை அணைத்துவிட்டு, “பயந்துட்டா” என்றார். சாயங்காலம் போனில் உன்னிடமும், இவ்வளவு தூரம் போயும் தொடை நடுங்கிட்டியேம்மா என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். நீ அனுப்பிய பயிற்சி வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நோட்டில் ஏற்றியிருந்தேன். இருநூற்றுப் பதினாறு தாண்டல். முப்பத்தொன்று தவறு. அதில் இருபத்தேழில், கடைசியிலிருந்து நாலாவது அடியை நீ நீட்டி வைத்திருந்தாய். உன் பழைய பாடப்புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். பயிற்சியாளர் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில்தான் போட்டிக்கு முந்தின நாள் போன் போட்டேன். “நாலாவது அடியை மட்டும் கவனிச்சு வைடி கண்ணு. மத்ததையெல்லாம் கடவுள் பார்த்துப்பார்” என்றேன். நீ, சரிம்மா என்றாய்.

இந்த ஏழு வாரமும், சொன்னது சரியான கணக்குதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் கூட்டுப் பிரார்த்தனையில் முன்னால் நின்று துதி சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. என்னைச் சொல்லச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்கிற துதிதான். இத்தனை பேர் முன்னால் பிசகக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லாகக் கவனித்துச் சொன்னேன். ஆறாவது வரியில் நாக்கு நின்றுவிட்டது. அடுத்தது என்ன என்று தேடத் தேட, சொன்ன வரியும் போய்விட்டது. தையல்காரிதான் எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது, “நான் தைக்கறதை யாராவது உத்துப் பார்த்தாலே எனக்குத் தையல் கோணிக்கும். நீங்க உங்களையே உத்துப் பார்த்தா வார்த்தை எப்படிக்கா வரும்?” என்று சிரித்தாள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கணக்கில் பிழையில்லை, மகளே. காலுக்குத் தெரிந்த வேலையைப் பிடுங்கிக் கண்ணிடம் கொடுத்தேனே, அதுவும் அந்த நாளில்!

நேற்று உன் பார்சல் வந்தது. பிரித்தால் ஓட்டக் காலணி மட்டும். உள்ளே மணல். ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “விட்டுட்டாளா?” என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். “உன்னைக் காட்டிக் கொடுக்காம, நான் பேசினதையெல்லாம் வாங்கிக்கிட்டு இருந்திருக்காளே” என்று மட்டும் சொன்னார். பிறகு ஊக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, காலணி ஆணிகளில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

நோட்டில் அந்த மூன்று தவறுகளையும் ஏற்றிவிட்டேன். என் பெயருக்கு நேராக. இனி அதில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

நன்றாகச் சாப்பிடு. குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. ஆண்டவன் உன் காலுக்குத் துணை இருக்கட்டும். நீ ஓடினால், நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

காலணியைத் திருப்பி அனுப்பட்டுமா, வேண்டாமா? அது ஒன்றையாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.

அம்மா