மருந்துக்கடை ஸ்டாப்பில் நாலு நிமிஷம்

அடிலெய்டு,
11 பிப்ரவரி 1974

அன்புள்ள கிளாரி,

இருபத்தோரு வருஷம் கழிச்சு இவ எதுக்கு எழுதறான்னு மிரளாதீங்க. நீங்க ஆரம்பிச்ச பஸ் சர்வீஸை அரசாங்கம் எடுத்துக்கப் போகுது. அதுக்குள்ள அதோட வரலாற்றைச் சின்னப் புத்தகமாப் போடணும்னு ஏரியாக்காரங்க ஆசைப்பட்டாங்க. எழுதற வேலை என் தலையில விழுந்துடுச்சு.

ராணுவ லாரியில பெஞ்சு போட்டு ஓட்டினீங்களே, அது, சேத்துல சிக்கினா ஆம்பளைங்க எல்லாரும் இறங்கித் தள்ளினது, மிஸஸ் ஹார்ட்லி கோழிக்கூடையோட ஏறிச் சண்டை போட்டது, எல்லாம் எழுதியாச்சு. ஒண்ணுதான் விளங்கலை. நான் வேலை பார்த்த மருந்துக்கடை ஸ்டாப்புல சாயங்கால பஸ் நாலு நிமிஷம் நிக்குமே, இன்னும் நிக்குது! உங்களுக்கப்புறம் மூணு முதலாளி மாறியாச்சு. டிரைவரைக் கேட்டா, "அட்டவணையில போட்டிருக்கு, நிக்கறோம்"ங்கறான். காரணம் சொல்லலைன்னா அந்த நாலு நிமிஷத்தை எடுத்துடுவோம்னு அதிகாரிங்க சொல்றாங்க. அட்டவணை எழுதினது நீங்கதானே?

என் வீட்டுக்காரர் ரான் போன வருஷம் தவறிட்டார். உங்க வீட்டம்மா எட்னாவை விசாரிச்சதாச் சொல்லுங்க.

என்றும் உங்க பஸ் பயணி,
மேவிஸ்


போர்ட் லிங்கன்,
19 பிப்ரவரி 1974

அன்புள்ள மேவிஸ்,

உங்க கையெழுத்தைப் பார்த்துட்டு ஒரு நாள் முழுக்கக் கவரைப் பிரிக்கலை. ரான் போனது கேட்டு மனசு கஷ்டமாயிடுச்சு.

நிஜத்தைச் சொல்றேன், புத்தகத்துல போட்டுடாதீங்க. நீங்க தினமும் லேட். தலைக்குட்டையைக் கட்டிக்கிட்டே ஓடி வருவீங்க. நான் இன்ஜினைத் திறந்து பார்க்கற மாதிரி நடிச்சுக் காத்திருப்பேன். "என்ன கிளாரி, இன்னிக்கு எந்த நட்டு கழண்டுச்சு?"ன்னு பின் பெஞ்சுல ஒரே கேலி. தாங்க முடியாம, 52-ல அட்டவணை அச்சுக்குப் போனப்போ நாலு நிமிஷத்தை அதுலயே சேர்த்துட்டேன். நான் லீவு போட்டாலும் எவனும் உங்களை விட்டுட்டுப் போக முடியாது, பாருங்க. வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியம் வரலை. அடுத்த வருஷமே உங்களுக்கும் ரானுக்கும் நிச்சயமாச்சு. பஸ்ஸை வித்துட்டு ஊரை விட்டுக் கிளம்பிட்டேன்.

எட்னாவுக்கு முழங்கால் வலி. உங்களை ரொம்ப விசாரிச்சா.

கிளாரி


அடிலெய்டு,
2 மார்ச் 1974

கிளாரி,

நான் ஒரு நாளும் லேட் ஆனதில்லை. அஞ்சரைக்கே கடையைச் சாத்திட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டிருப்பேன். இந்த மனுஷன் எனக்காகக் காத்திருக்காரா பார்ப்போம்னுதான். நீங்க தினமும் காத்திருந்தீங்க. வீட்டுக்குப் போய் அந்த சந்தோஷத்துல சாப்பாடே இறங்காது.

அப்புறம் உங்க அட்டவணை வந்துச்சு. மருந்துக்கடை, நாலு நிமிஷம்னு அச்சுல. ஓகோ, இது பஸ்ஸோட ரூல், நாமதான் பைத்தியம் மாதிரி என்னென்னவோ நினைச்சுட்டோம்னு ஒரு வாரம் அழுதேன். ரான் கேட்டப்போ சரின்னுட்டேன்.

அட முட்டாள் மனுஷா! அச்சாபீஸ்காரன்கிட்டச் சொன்னதை என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது திரைக்குப் பின்னாலேர்ந்து வெளியே வந்து கேட்டிருக்கக் கூடாதா?

ரான் நல்லவர். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எட்னாவும் தங்கமானவ. ஆனாலும் உங்க கடுதாசி வந்ததிலேர்ந்து எனக்கு வேற நினைப்பே இல்லை.

புத்தகத்துல, "காரணம் தெரியவில்லை"ன்னு எழுதிட்டேன். அதிகாரிங்ககிட்டயும் அதையே சொல்லிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து அங்க பஸ் காத்து நிக்காது.

எட்னாவோட காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. இனிமே எனக்கு எழுதாதீங்க, கிளாரி. எழுதினா நான் பதில் போட்டுடுவேன்.

மேவிஸ்