வேட்டியைப் பிடித்திருந்த நான்கு விரல்கள்

என் பாவாயிக்கு,

நீ போய் வருசம் திரும்பப் போகிறது. உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதே என்று ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். சற்றுமுன் நம் சின்னவன் எட்டிப் பார்த்து, "ஏனுங்கப்பா, ஆரோட பேசறீங்க?" என்றான். "உங்கம்மாவோட" என்றேன். கடைக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டான்.

உன் செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சீமையில் சண்டை நடக்கிறதால் அங்கத்துத் தூண்டில் முள் வரத்தே இல்லை. நாமக்கல் பட்டறையில் உங்கப்பா வைத்திருந்த மாதிரி முள்ளை அடிக்கச் சொல்லி விற்கிறேன். நன்றாகவே போகிறது. அது உன் காதில் விழுந்தால் என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. கடையில் பதினைந்து வருசமாக ஒரு போட்டோ தொங்குகிறதே, அதற்காக. நான் நடுவில் நிற்கிறேன். தோளில் துடுப்பு. துடுப்பில் கட்டித் தொங்குகிற வாளை மீனின் வால் என் முழங்காலைத் தொடுகிறது. அந்த மீனைப் பிடித்தது யார் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அதை ஊருக்குச் சொல்லத்தான் இந்தக் காகிதம். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மற்றவர்களும் இதைப் படிக்கப் போவதால் முதலிலிருந்து சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று நீ சலித்துக்கொள்ளாதே.

சந்தை சந்தையாக ஊசியும் முள்ளும் கூடையில் சுமந்து விற்றவன் நான். மோகனூர்த் துறையில் பரிசல் ஓட்டிய உன் அப்பா என் கூடையைக் கிளறிக் கிளறிப் பார்ப்பார். ஒன்றும் வாங்க மாட்டார். "உங்க முள்ளு கெளுத்திக்கே நிமுந்துக்குமுங்க" என்பார். அவர் பின்னால் நின்று சிரித்த பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன். கூடை கடையாயிற்று. மோகனூர் போகிற போதெல்லாம் நாம் இருவரும் உன் அப்பாவின் சின்னப் பரிசலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்குவோம். நீ தூண்டில் போடுவாய், நான் வேடிக்கை பார்ப்பேன். அப்போது நான் நன்றாகத்தான் இருந்தேன்.

கடை பெருத்ததும் எனக்குப் புத்தி மாறியது. சீமைச் சாமான் படம் போட்ட புத்தகம் ஒன்று பட்டணத்திலிருந்து வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் சின்னப் படகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சக்கரம் வைத்த தூண்டிலால் மீன் பிடிக்கிறார். அதைப் போலவே நம் பரிசலை ஆக்கிவிடுவது என்று கிளம்பினேன். குறுக்கே பலகை அடித்து உட்கார இடம். தூண்டில் சொருக இரண்டு இரும்புக் குழாய். குடைக்கு ஒரு வளையம். மீனை ஏமாற்றுகிற மினுக்குத் தகட்டு மீன்கள் வைக்க ஒரு தகரப் பெட்டி. கல்லைக் கயிற்றில் கட்டி இறக்குகிற வழக்கத்தை விட்டு, சங்கிலி போட்ட நங்கூரம். அந்தச் சங்கிலியைப் பரிசல் விளிம்பு மூங்கிலில் போல்ட்டு வைத்து முடுக்கினேன்.

நீ வந்து பார்த்தாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய்.

"ஏனுங்க மாமா, இது பரிசலா, நம்ம கடையா?"

"சிரிக்காத புள்ள. சீமையில இப்புடித்தான்."

"அப்ப ஒரு தராசும் எடுத்துக்கங்க. ஆத்துக்குள்ள ஆராச்சும் ஆணி கேட்டாக் குடுக்கலாம்."

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சங்கிலியை இழுத்துப் பார்த்தாய். "கல்லுன்னா உருவு முடிச்சுப் போட்டிருப்போம். ஒரு இழுப்புல உட்டுரலாம். இதை எப்புடிங்க உடறது?" என்றாய். "அதை ஏன் விடணும்? விடாம இருக்கத்தானே போட்டிருக்குது" என்றேன். சங்கிலி விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? ஆணி அடித்த இடத்திலெல்லாம் பரிசலின் தோல் கிழிந்து தண்ணீர் கசிந்தது. குங்கிலியம் காய்ச்சி அடைத்தது நீ.

மீன் பிடித்த அன்று விடியற்காலையில் ஆழமான மடுவுக்கு மேலே நங்கூரம் இறக்கினோம். பெட்டி வேண்டாம், பாரம் என்று நீ சொன்னதால் தகட்டு மீன் இரண்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைக் கரையிலேயே விட்டேன். போல்ட்டைக் கழற்றுகிற ஸ்பானரும் அதற்குள் இருந்தது. பலகையில் ஜம்மென்று உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தகட்டை இழுத்தேன். ஒரு மீன்கூட மோந்து பார்க்கவில்லை. நீ கீழே குத்தவைத்து, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் கருப்பாக்கிய உன் கைநூலில், உன் அப்பாவின் முள்ளில், ஒரு உயிர்க் கெண்டைக் குஞ்சைக் கோத்து இறக்கினாய். வெற்றிலை போட்டு முடிக்கவில்லை, நூல் ஓடியது.

எவ்வளவு ஓடியது! உன் விரல்களுக்கு நடுவே நூல் சீறிக்கொண்டு போனது. பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. மீன் அந்தப் பக்கம் இழுக்க, நங்கூரம் இந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது.

"மாமா, நங்கூரத்தை உடுங்க!"

எதை விடுவது? வெறுங்கையால் போல்ட்டைத் திருகினேன். அசையவில்லை. நம் கடைச் சரக்கு அவ்வளவு நல்ல சரக்கு.

"பலகையை உட்டு எறங்கிப் படுங்க, மாமா! அக்கட்ட, அக்கட்ட!"

படுத்தேன். சாமான் விற்றுப் பெரிய மனிதனான நான், பரிசலுக்குள் அந்தப் பக்கத்து ஓரத்தில், தேங்கிய தண்ணீரில் குப்புறப் படுத்துக்கொண்டு மூங்கிலைக் கட்டிப் பிடித்திருந்தேன். நீ ஒரு கையில் நூலோடு, மறு கையால் கொடுவாளை எடுத்து விளிம்பு மூங்கிலை வெட்டினாய். மூன்றாவது வெட்டில் போல்ட்டோடு சங்கிலி ஆற்றில் போயிற்று. பரிசல் தட்டாமாலை சுற்றியது. நான் முருகா முருகா என்றேன். நீயோ மீனோடு பேசிக்கொண்டிருந்தாய். "சுத்துடா சாமி, சுத்து. இன்னும் ரெண்டு சுத்து. அப்பறம் நீயே வந்துருவே."

அது இழுத்த இழுப்பில் அரை மைல் கீழே போனோம். மணல் திட்டில் பரிசல் தட்டியபோது அது களைத்திருந்தது. நீ இறங்கிச் செவுளில் கை விட்டுத் தூக்கினாய். நான் வாலைப் பிடித்தேன். அதுவும் நீ சொன்ன பிறகு.

இவ்வளவுதான் என் பங்கு.

உன் விரலில் நூல் அறுத்து ரத்தம். முந்தானையில் ஒரு கிழிசல் கிழித்துச் சுற்றிக்கொண்டாய். "நீங்க மீனைத் தூக்கிட்டு முன்னால போங்க, நான் தண்ணியை எறைச்சுட்டு வாரேன்" என்றாய். துடுப்பில் மீனைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மணல் மேட்டில் ஏறினேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் அதிகாரி ஒருவர் கூடாரம் அடித்திருந்தார். குடும்பத்தைப் படம் எடுக்கக் கரூரிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்திருந்தார். சேவகர் ஒருவர் ஓடி வந்தார்.

"எத்தாச்சோடு மீனுங்க! நீங்களா புடிச்சீங்க?"

பாவாயி, அப்போது என் மனசில் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அதிகாரி பார்க்கிறார், மதகு வேலைக்கு இரும்புச் சாமான் வேண்டியிருக்கும் என்பது ஓடியது. பரிசலில் குப்புறக் கிடந்தது யாருக்கும் தெரியவேண்டாம் என்பதும் ஓடியது. மேலே ஓடியது எது, அடியில் ஓடியது எது?

"ஆமாங்க" என்றேன்.

அதற்குள் நீ மேட்டில் ஏறி வந்துவிட்டாய். அவர்கள் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நீ ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாய். நான் சொல்லிவிடுவேன் என்று நின்றாயா? போட்டோக்காரர், என் பின்னால் வெயில் கூசுகிறது என்று, மறைப்புக்கு ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து, "ஏம்மா, நீங்க இந்த முனையைப் புடிச்சுக்கங்க" என்று உன்னிடம் கொடுத்தார். மறு முனையைச் சேவகர் பிடித்தார். நீ படத்துக்கு வெளியே நின்று வேட்டியை விரித்துப் பிடித்தாய். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

திரும்பும்போது வண்டியில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "வேட்டி காத்துல கொஞ்சம் ஆடிப்போச்சுங்க மாமா. உங்க மூஞ்சி நல்லா உழுந்திருக்குமா?" குத்தலா, நிஜமான கவலையா? பதினைந்து வருசமாக அந்தக் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

படம் கடைக்கு வந்தது. வாளைக்கடை என்றே ஊரில் பேராகிவிட்டது. இந்த முள்ளில் பிடித்தது, இந்தச் சக்கரத்தில் சுற்றியது என்று நா கூசாமல் சொல்லி விற்றேன். ஒருநாள் துறையூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "அத்தாச்சோடு வாளையை இழுத்த கையில ஒரு கீறலும் காணமுங்களே, மொதலாளி?" என்றார். "சக்கரமுங்க, எல்லாம் சக்கரம் பாத்துக்கும்" என்றேன். சோற்றுப் போசியோடு நீ பின்னால் நின்றிருந்தாய். போசியை வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அதன் பிறகு நீ தூண்டிலைத் தொடவில்லை. ஒரு தரம் கூப்பிட்டதற்கு, "பேரு வாங்குனவங்க போங்க. எனக்கு ஊட்டு வேலை கெடக்குது" என்றாய். பரிசல் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் கோழி அடை வைத்தாய். வெட்டுப்பட்ட விளிம்பு வழியாகக் குஞ்சுகள் வெளியே வரும். அந்த வெட்டை நான் தினமும் பார்த்தேன். வாய் திறந்தேனா?

போன வருசம் பத்தே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். காரியத்தன்று படையலில் வைக்க உன் படம் தேடினோம். வீடு முழுக்கத் தேடினோம், பாவாயி. ஒரு படம் இல்லை. என்னை நாலு தரம் எடுத்திருக்கிறார்கள். உன்னை உட்கார வைத்து ஒரு படம் எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் மூத்தவள் பழனியம்மாள் கடையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்பா, இந்த ஓரத்துல வேட்டியைப் புடிச்சிருக்கறது ஆரு கையிங்க?"

நான்கு விரல்கள். அதில் ஒன்றில் துணிக் கட்டு. அவ்வளவு வருசம் அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து வியாபாரம் செய்தவன் அதைப் பார்த்ததே இல்லை. "உங்கம்மா கை, கண்ணு" என்றேன். நீ பூமியில் படமாக விழுந்தது அந்த நான்கு விரல்தான்.

அதையே வைத்து மாலை போட்டார்கள். மாலை என் கழுத்தில் விழுந்தது. வந்த சனம் உயிரோடு நிற்கிற என்னையும் மாலை போட்ட என்னையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு கிழவர், "ஏனுங்க, போனது ஆருங்க?" என்றே கேட்டுவிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஆணி கட்டுகிற பழுப்புக் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படத்தின் கண்ணாடியில் என் உருவத்தின் மேல் ஒட்டினேன். மீனும் உன் விரலும் மட்டும் தெரிந்தன.

அப்போது உன் தங்கை நல்லம்மாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "கையி மட்டும்தான் எங்கக்காளுதுங்களா மச்சான்? மீனு ஆருதுங்க?"

அவளிடம் சொல்லியிருந்தாயா? சொல்லாமலே அவளுக்குத் தெரிந்ததா? கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. மணல் மேட்டில் கிடைத்த அதே கணம் எனக்கு இன்னொரு தரம் கிடைத்தது. பந்திக்கு இலை போடுகிறார்களா பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். பாவாயி, முதல் பொய்யை ஆசையில் சொன்னேன் என்று வைத்துக்கொள். இரண்டாவது தரம், உன் படையலுக்கு முன்னாலேயே, எதற்கு ஓடினேன்? மறுநாள் படத்தில் ஒட்டிய காகிதத்தை நனைத்து உரித்துவிட்டு, கடையில் பழையபடி மாட்டவும் செய்தேன்.

இந்தக் காகிதத்தை அச்சடிக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சின்னவனிடம் சொன்னேன். "கடைப் பேரே போயிருமுங்கப்பா" என்றான். "போகட்டும் சாமி. அது உங்கம்மா பேரு" என்றேன். காகிதம் கிடைக்காத காலம். அதனால் முள் பொட்டலம் கட்டுவதற்கும் இந்த அச்சுக் காகிதம்தான். ஆற்றோரம் முள் வாங்குகிற ஒவ்வொருவன் கைக்கும் இது போகும். "என்னைய வெச்சும் ஏவாரம் பண்ணிட்டீங்களே மாமா" என்று நீ சிரிப்பது கேட்கிறது. சிரி. நான் அப்படிப்பட்டவன்தான்.

உனக்கு ஒரு வாக்கு. உன் வருசத்தன்று நல்லம்மாளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்த மணல் மேட்டுக்குப் போவேன். "ஆமாங்க" என்று சொன்ன அதே இடத்தில் நின்று, துறைச் சனம் கேட்க, அவள் கேள்விக்குப் பதில் சொல்வேன். குப்புறப் படுத்ததையும் விடமாட்டேன்.

இன்று காலை படத்தில் என் மேல் மறுபடியும் பழுப்புக் காகிதம் ஒட்டினேன். இந்த முறை உரிக்க வராதபடி வச்சிரப்பசையில் ஒட்டினேன். முதல் வியாபாரத்துக்கு வந்தவர் பார்த்துவிட்டு, "நடுவுல நின்னுட்டு இருந்தது ஆருங்க, மொதலாளி?" என்றார்.

"சும்மா நின்னவனுங்க. மீன் புடிச்சவ கையி அதா, ஓரத்துல இருக்குது பாருங்க" என்றேன்.

சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆயிற்று, பாவாயி.

இப்படிக்கு,
வாலை மட்டும் பிடித்த உன் மாமன்
கந்தசாமி