இரட்டை இறக்கை விமானமும் விளக்கெண்ணெயும்

புனே,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு, சத்யபிரியா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

தக்கை போல லேசான பால்சா கட்டையில் நான் செய்த, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த குட்டி விமானம் இன்று பறந்தது. முறுக்கிவிட்ட ரப்பர்தான் அதற்கு இஞ்சின். ரப்பர் வழுக்க எண்ணெய் தடவ வேண்டும். நான் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டுத் தொலைத்தேன். அந்த எண்ணெயில் ரப்பர் இளகிப்போய், முறுக்கும்போதே அறுந்து விரலில் அடித்தது. லேசான வீக்கம்தான். பிறகு புது ரப்பரில் கடை விளக்கெண்ணெய் தடவி விட்டேன். மைதானத்தை ஒரு சுற்று சுற்றிப் புல்லில் இறங்கியது.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குச் சாமி இந்த வெளையாட்டு? மாப்பிள்ளை ஊட்ல கேட்டா என்ன சொல்றது?" என்று போனில் கேட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் செய்வாள் என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்க்கட்டும்.

அம்மா கொட்டமுத்து வேகவைத்துக் காய்ச்சும் விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்கள். கடை எண்ணெயில் நம் வீட்டு வாசனை இல்லை. ரப்பருக்கு வாசனை எதற்கு என்று கேட்காதீர்கள்.

குக்கர் விசில் அடித்துவிட்டது. "பறந்து எங்காச்சும் போயிட்டா எப்புடிப் புடிச்சு இழுப்பே?" என்று கேட்டீர்களே, இழுக்க முடியாதுங்கப்பா. கயிறும் இல்லை, ரிமோட்டும் இல்லை. விடுவதற்கு முன் போக வேண்டிய திசைக்கு ஏற்ப வாலைத் திருப்பி வைப்பதோடு சரி. சேலத்தில் என்னை ரயில் ஏற்றிவிட்டபோது, "ஆருக்கும் பயப்படாத சாமி" என்றது நீங்கள்தானே.

உங்கள் மகள்,
சத்யபிரியா