பழுப்பேறாத துண்டு

ஜூன் 4

அருமைத் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் காற்றுதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கும்படி டிக்கெட் கேட்ட கண்டக்டருக்கு இப்போது விசில்தான் வாய். "இப்பத்தான் வண்டி நிம்மதியா ஓடுது"ன்னு டிரைவர் கிண்டல் பண்ணுகிறார்.

குரலை அடைத்த இந்தக் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்து உங்கள் லேபுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். "வேற எங்கிருந்தோ பரவின மாதிரி இருக்கு"ன்னு டாக்டர் உன் அத்தானிடம் கிசுகிசுத்தார். எனக்குக் குரல்தான் போச்சு, காது போகலையே. எதுவானாலும் மறைக்காமல் எழுது.

உன் அக்கா

ஜூன் 9

என் அக்காவுக்கு,

உன் பெயரைப் பார்த்ததும் சீட்டை இரண்டு முறை படித்தேன். "வேற யார்கிட்டயாவது கொடுக்கட்டுமா?" என்று தலைமை டாக்டர் கேட்டார். "நானே பண்றேன் சார். பார்த்துச் சொல்றது மட்டும் நீங்க" என்றேன்.

மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினேன். தோல், குடல், நுரையீரல் இவற்றின் மேற்பூச்சு செல்களில் கெரட்டின் என்று ஒரு புரதம் உண்டு. அதை மட்டும் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடியை விட்டுச் சாயமேற்றினால், அந்த இடம் பழுப்பாகும். உன் கட்டி பழுப்பானால், பெரும்பாலும் எங்கிருந்தோ பரவியது. ஆகாவிட்டால், கழுத்தில் நெறிகட்டும் நிணநீர் முடிச்சிலேயே பிறந்ததாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

நேற்று பழுப்பு வரவில்லை. அதற்குள் துள்ளாதே. ஒத்துப் பார்க்கக் கூடவே வைத்த வேறொருவரின் தோல் துண்டு கட்டாயம் பழுப்பாகியிருக்க வேண்டும். அதுவும் வெளுத்தே கிடந்தது. அப்படியென்றால் ஆன்டிபாடி வேலை செய்யவில்லை. திரும்பப் போடுகிறேன்.

உன் தங்கச்சி

ஜூன் 12

தங்கச்சிக்கு,

வெளுத்துக் கிடந்தால் நல்லதுதானே? அதை வைத்தே மருந்தை ஆரம்பிக்கச் சொல்லக் கூடாதா? உன் அத்தான் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார், எனக்குக் கேட்காதாம். நீ என்னடாவென்றால் தோல் துண்டு, பழுப்பு என்று கதை அளக்கிறாய். எனக்குக் கோபம்தான். ஆனாலும் உன்னைவிட்டால் யாரை நம்புவேன்?

அக்கா

ஜூன் 15

அக்கா, அக்கா, அக்கா!

நீ கோபப்படுவாய் என்று தெரியும். பொய்யான நல்ல சேதியை நம்பித் தப்பான மருந்து ஏற்றினால் உன்னை இழந்துவிடுவேன், அதற்குத்தான் பிடிவாதம். புது ஆன்டிபாடிக் குப்பி வரவழைத்து, மறுபடி சீவி, மறுபடி சாயமேற்றினேன். இன்று தோல் துண்டு டீக்கறைபோல் பழுப்பானது. பக்கத்திலேயே உன் செல்கள், ஒன்றுகூடப் பழுப்பாகாமல், பின்னணிச் சாயத்தின் நீலமாகவே நின்றன!

தலைமை டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். வெள்ளையணுக்களைத் தேடும் ஆன்டிபாடி போட்ட இன்னொரு துண்டைக் கேட்டார். அது விளிம்புவரை பழுப்பு. நாற்காலியைத் திருப்பினார். "லிம்போமாம்மா. குணப்படுத்தலாம். அக்காகிட்ட சொல்லு" என்றார். லிம்போமா என்றால் நிணநீர் முடிச்சின் வெள்ளையணுக்களிலேயே பிறந்த புற்றுநோய், நல்ல மருந்து இருக்கிறது என்றேனே, அதுதான்.

லேபில் யாரும் சத்தம் போடக் கூடாது. நான் போட்டேன். அவரும் சிரித்துவிட்டார்.

தங்கச்சி

டிசம்பர் 20

என் தங்கத்துக்கு,

ஆறு மாத மருந்துக்குப் பிறகு, ஸ்கேனில் கட்டி போன இடம் தெரியவில்லை! "முழுசா கரைஞ்சிடுச்சு" என்றார் டாக்டர். உன் அத்தான் இந்தமுறை குழாயைத் திறக்காமல், ஆஸ்பத்திரி நடுவிலேயே அழுதார்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண், "ரிசல்ட் வரல, திரும்பப் பண்றாங்களாம்"னு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த குரலோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "திரும்பப் பண்ணட்டும்மா. உள்ளே என் தங்கச்சி மாதிரி ஒருத்தி இருக்கா" என்றேன்.

உன் அக்கா