ஸ்கிரீன்சேவரில் நீ அழித்த ஒரு வரி

என் கோபத்துக்கெல்லாம் சிரித்தே பதில் சொன்ன அண்ணனுக்கு,

நீ போய் நாளையோடு ஒரு வருஷம். உன் படத்துக்குப் பூ வாங்கிவரச் சொல்லி மதினி தாராவி மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். உன் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

செம்பூர் மருந்துக் கிடங்கில் இன்னும் உன் பச்சை எழுத்துகள்தான் ஓடுகின்றன. குளிர் அறை எத்தனை டிகிரி என்று காட்டத் தனியாக ஒரு திரை கேட்டாய், முதலாளி சேட்டு முடியாது என்றார். நீ நான் பில் போடுகிற பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, ஐந்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் வருகிற ஸ்கிரீன்சேவரிலேயே அதை ஓடவிட்டாய். மற்ற ஆபீஸ்களில் மீனும் பூவும் மிதக்கிற இடத்தில், உன் கட்டளை நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதும். மணி, டிகிரி, அவ்வளவுதான். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் சேட்டு அதைத் தன் யோசனை என்று காட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டே அதைக் கேட்கிறேன்.

அதில் ஒரே ஒரு குறை. மவுசைத் தொட்டால் வரிகள் மறைந்து பில் வந்துவிடும். "ஏட்டி, டிகிரி எட்டத் தாண்டிட்டுன்னா மவுசத் தொடாத, எந்திச்சு குளிர் அறைக்கு ஓடு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஆனால் ஸ்கிரீன்சேவரைக் கண்டால் மவுசை ஓர் ஆட்டு ஆட்டுவதுதானே எல்லாருக்கும் கைப்பழக்கம்?

அன்றைக்கு நீ அணுசக்தி நகர்ப் பக்கம் மருந்து இறக்கப் போயிருந்தாய். நான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கடைசி வரியில் பதினொரு டிகிரி. பார்த்தேன் அண்ணே, கண்ணால் பார்த்தேன். அதற்குள் கை ஆட்டிவிட்டது. பில் வந்தது, வாசலில் ஆள் நின்றான், இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வரைக்கும் பில்லே போட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சும்மா இருந்தால்தானே உன் எழுத்து வரும்? நீ திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, வெளியே அடித்த அதே புழுக்கம் குளிர் அறைக்குள்ளேயும் இருந்தது. ஊசி மருந்து அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

சேட்டு கத்தியபோது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்கிரீன்சேவர் சரியாக ஓடவில்லை, தப்பு என்னுடையது என்று இந்தியில் சொன்னாய். நாளையிலிருந்து வராதே என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நான்தான் தொட்டேன் என்று உனக்குத் தெரியாது என்று வசதியாக நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் டிராம்பேயில் மூட்டை தூக்கப் போனாய். மூன்றாம் மாதம், போகிற பஸ்ஸிலேயே நெஞ்சு அடைத்துவிட்டது.

போன வாரம் கம்ப்யூட்டரில் ஒரு பழைய பில்லைத் தேடும்போது உன் கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. ஸ்கிரீன்சேவர் வந்த நேரமும் மறைந்த நேரமும் வரிவரியாக அதில் பதிந்திருக்கிறது. வந்தது, மறைந்தது, வந்தது, மறைந்தது. அந்த மதியம் மட்டும் வந்தது, அதன் கீழே மறுபடியும் வந்தது. நடுவில் மறைந்த வரி இல்லை. நான் மவுசைத் தொட்ட நேரத்தை நீ அழித்திருக்கிறாய்.

எதற்கு அழித்தாய்? கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாமே? என்னைக் காப்பாற்று என்று நான் கேட்டேனா? கேட்கவில்லைதான். வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதுவும் கேட்டது மாதிரிதான்.

அப்பாவுக்கு வேலை தெரியாது, அதனால் துரத்திவிட்டார்கள் என்றுதான் உன் மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் நாளைக்கு அவளையும் மதினியையும் உட்காரவைத்து, இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். மறுநாள் கிடங்குக்குப் போய், நீ அழித்த வரியை அதே இடத்தில் திரும்ப எழுதி, சேட்டைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அன்றைக்குச் சாப்பிட்டு வந்து நான் போட்ட முதல் பில்லில் நேரம் இருக்கிறது. மணி இரண்டு பத்து, மறைந்தது. பக்கத்தில் என் பெயரும் இருக்கும்.

மவுசை ஆட்டிய உன் தங்கச்சி,
செல்வி