சனிக்கிழமை முறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறேன். நானும் உங்க அப்பாவும் குறையில்லாம இருக்கோம், நீ அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிறியான்னுதான் ஒரே கவலை. போன்லயே சொல்லிடலாம்னு நாலு தடவை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுட்டு, மழை பெய்யுது, குழாய்ல தண்ணி வரலைன்னு எதையோ உளறிட்டு வச்சுட்டேன். அதான் எழுதுறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனா மாத்திரையை எடுத்தாலே சின்னப்பிள்ளை மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிறார். ஒரு அதட்டு போடு, உனக்குத்தான் அடங்குவார்.

விஷயத்துக்கு வரேன். நம்ம சந்துக் கக்கூஸ் விதி உனக்குத் தெரியும், கழுவுறவங்களுக்குத்தான் சாவி, ஒரு கதவுக்கு ஏழு சாவி, கிழமைக்கு ஒருத்தர் முறை, மூணு முறை தவறினா சாவியைத் திருப்பிக் கொடுத்துடணும். கூட்டத்துல சத்தம் போட்டு அதை விதியாக்கினதே நான்தான், அதை மூணு வருஷமா ஏமாத்திட்டு வந்ததும் நான்தான். வியாழன் என் முறை, சனி உன் முறை, ரெண்டையும் நானே கழுவிட்டு முறை எழுதிவச்ச பலகையில உன் பேருக்கு நேரா டிக் போட்டுடுவேன். வெளிநாட்டுல வார்டு ட்யூட்டி பார்த்துக்கிட்டே வாராவாரம் இங்க கக்கூஸும் கழுவுன நர்ஸ் உலகத்துல நீ ஒருத்திதான். எல்லாருக்கும் தெரியும், என் வாய்க்குப் பயந்து யாரும் கேக்கலை. நம்ம சந்துத் தலைவி தையல்கார அக்கா மட்டும் பொண்ணு எப்ப வருதுன்னு ஒருநாள் கேட்டாங்க. அடுத்த மாசம்னேன். நீ எங்கிட்ட அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு சொல்ற, நான் அதைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். குத்திக்காட்ட எழுதலை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான்.

இப்ப கோடி வீட்டுக்கு ஒரு இஸ்திரிக்காரர் குடிவந்திருக்கார், சம்சாரத்துக்கு எட்டு மாசம். பொம்பளைங்க பக்கம் மூணு கதவுலயும் சாவி காலி இல்லை, அந்தப் பொண்ணு வயித்தைத் தூக்கிக்கிட்டு தண்டவாளத்தைத் தாண்டிப் பழைய பொதுக் கக்கூஸுக்குத்தான் போய்ட்டு வந்துச்சு. போன வாரம் வெயில்ல மூச்சு வாங்க நின்னுச்சேன்னு ஒரு சொம்பு தண்ணி கொடுத்தேன், உதட்டை மட்டும் நனைச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடுச்சு. ஏம்மான்னா, குடிச்சா மறுபடி போகணுமே அக்கான்னுச்சு. எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. பத்தாவது படிக்கறப்ப நீயும் அதேதானே பண்ணின? காலையில கொடுத்தனுப்பின தண்ணி பாட்டிலை அப்படியே சாயங்காலம் கொண்டுவந்து வச்சுட்டு, நீர்க்கடுப்புல சுருண்டு கிடந்தியே. அதுக்கப்புறம் ஆபீஸ் ஆபீஸா ஏறி நான் போட்ட சண்டையிலதான் இந்தக் கக்கூஸே வந்துச்சு. உனக்காகக் கட்டினதை நானே பூட்டி வச்சுக்கிட்டு இன்னொருத்தி பெத்த பொண்ணைத் தாகத்துல விடலாமா சொல்லு.

ஆனா உடனே கொடுத்துடலை, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் உன் சாவியைத் தலையணைக்கடியில வச்சிருந்தேன். கொடுத்துட்டா நீ வரமாட்டேன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. அப்பாதான், சாவி போனா பொண்ணு போயிடுமா, லூசுன்னு திட்டினார், திட்டிட்டு அவரும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். சனிக்கிழமை காலையில பலகையில உன் பேரை அழிச்சுட்டு, சாவியைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணு கையில கொடுத்துட்டேன். பிரசவம் ஆகி உடம்பு தேறுற வரைக்கும் அவ முறையை நானே கழுவுறேன்னு தையல்கார அக்காகிட்ட சொல்லிட்டேன், பழகின கைதானே.

முன்னாடி அந்தப் பழைய கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்லாத கதவை நான் வெளிய புடிச்சுக்கிட்டு நிப்பேன், நீ உள்ளேருந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அம்மா இருக்கியா, அம்மா இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருப்ப, ஞாபகம் இருக்கா? இப்ப நம்ம கக்கூஸ்ல நல்ல தாழ்ப்பாள் இருக்கு. இருந்தும் புது இடம் பாரு, அந்தப் பொண்ணு முதல் நாள் உள்ள போனதும், அக்கா இருக்கீங்களான்னுச்சு. இருக்கேண்டி கண்ணுன்னு வாயில தானா வந்துடுச்சு. வாளியைப் புடிச்சுக்கிட்டு அங்கேயே அழுதுட்டேன்.

நோய்நொடி இல்லாம நல்லா இரு தாயி. ட்யூட்டி ட்யூட்டின்னு அடக்கிக்கிட்டு நிக்காதே, தண்ணி நிறையக் குடி. அப்பாவை அதட்ட மறந்துடாதே. உன் சாவி போச்சேன்னு நினைக்காதே, வந்தா என் சாவியை எடுத்துக்கோ, நான் வெளிய நிக்கிறேன், நீ கூப்பிட்டுக் கேளு.

இருக்கேன்,
உன் அம்மா