கேட்டுக்கு வெளியே திறக்காத பக்கம்

நவம்பர் 14, வெள்ளி.

கால்வாய்ப் பாலத்தில் நான் பொருத்திய கருவி நீர்மட்டத்தை அனுப்புகிறது. எங்கள் முடிச்சூர் தெருவில் எல்லோரும் போனில் பார்க்கட்டும் என்று, அதைக் காட்டும் இணையப் பக்கத்தைச் செவ்வாயன்று கிளவுட் சர்வரில் ஏற்றினேன். தண்ணீர் ஏறினால் போனில் மணியும் அடிக்கும் என்றேன்.

இன்று மாலை எதிர்வீட்டு மல்லிகா வந்தார். "சார், மூணு நாளா உங்க பக்கம் தெறக்கவே இல்ல. என் போன் பழசு. மணி அடிச்சா போதும்னு வுட்டுட்டேன்."

அவர் உள்ளே வந்ததும் அதே போனில், என் வைஃபையில் உடனே திறந்தது. கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

"இன்னா சார், உங்க வூட்டுக்கு மட்டும்தான் வெள்ளம் வருமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்வரில் யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலைப் பார்த்தேன். சோதனைக்காக என் வீட்டு இணைப்பை மட்டும் அனுமதித்திருந்தேன். அதை மாற்ற மறந்திருக்கிறேன். பள்ளியில் வகுப்புக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, எல்லோரும் வந்ததாக வருகை போட்ட மாதிரி. எல்லோருக்கும் திறந்துவிட்டேன். இப்போது மொபைல் டேட்டாவிலும் வருகிறது.

ஆனால் மணியும் அதே வழியாகத்தான் போக வேண்டும்; இந்த மூன்று நாளில் தண்ணீர் ஏறியிருந்தாலும் அவர் போனில் அடித்திருக்காது. அது மல்லிகாவுக்குத் தெரியாது.

அவருடைய அம்மா படுத்த படுக்கை, கீழ்த்தளம். மாடிக்குத் தூக்க நான்கு பேர் வேண்டும். மழை பெய்தால் மல்லிகா விழித்தே இருப்பார். "இனிமே நிம்மதியா தூங்கும்மா" என்று சொன்னது நான்தான். புதனன்று கொட்டிய மழையில் நன்றாகத் தூங்கினாராம். நன்றி வேறு சொன்னார்.

நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. காலையில் சொல்ல வேண்டும்.

தூறல் ஆரம்பித்திருக்கிறது. எதிர்வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. வைஃபையை நிறுத்திவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.